பெயர்ப் பொருத்தம் மட்டும் போதுமா?

தென்கிழக்கு லண்டனில் பெக்கம் என்று ஒரு பகுதி. நைஜீரியர், ஜமைக்கர், கானாவினர், ஆப்கானியர், வியட்நாமியர், லத்தீன் அமெரிக்கர், பழைய லண்டன் தொழிலாளர் குடும்பங்கள் என்று பலர் தோளுரசி வாழும் இடம். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேன்டர்பரியின் பேராயராக இருந்தவர் ஜான் பெக்கம். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பீடம் அது. (நம் எழுத்தில் கால்பந்தாட்டக்காரர் டேவிடும் பெக்கம்தான். அவரை இந்த வழக்கில் இழுக்க வேண்டாம்.) ஒரே பெயர் இரண்டு இடத்தில் தென்பட்டால் உறவு தேடுவது மனித சுபாவம். அந்த ஊர் இந்தப் பேராயரைத் தன் முன்னோர் என்று சொல்லிக்கொள்ளலாமா? சொல்லிக்கொண்டால் அது பெருமையா, சங்கடமா?

முதலில் பிறப்புரிமை. 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கிலேயே பெக்கம் ஊர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் குன்றைக் குறிக்கும் சொல்லும் குடியிருப்பைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து பிறந்த பெயர் என்கிறார்கள். ஜான் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஊருக்குப் பெயர் இருந்துவிட்டதால், ஊர் அவரிடமிருந்து பெயர் வாங்கவில்லை என்பது உறுதி. அவர் ஊரிடமிருந்து வாங்கினாரா? அதுவும் இல்லை என்றே தெரிகிறது. அவர் சசெக்ஸ்காரர். லூயிஸ் நகரத் துறவு மடத்தில் படித்தவர். அங்கிருந்து சில மைல் தொலைவில், பிரைட்டனை ஒட்டி பேட்சம் என்று ஓர் ஊர் உண்டு. அவருடைய சொந்த ஊர் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதே வரலாற்றாசிரியர்களின் பொதுவான கருத்து. பேட்சம் என்ற பெயரே ஏடுகளில் பெக்கம் ஆகியிருக்க வேண்டும். போதாததற்கு கென்ட் மாவட்டத்தில் கிழக்கு பெக்கம், மேற்கு பெக்கம் என்று இரண்டு கிராமங்கள் வேறு. பெயரை மட்டும் வைத்து உரிமை கேட்டால் வரிசையில் லண்டன் பெக்கத்துக்கு முன்னால் மூன்று ஊர்கள் நிற்கும்.

மண்ணில் மிஞ்சும் ஒரே தொடர்பு ஒரு சாலை. லண்டனிலிருந்து கேன்டர்பரிக்குப் போகும் பழைய ரோமானியச் சாலை, இன்றைய ஓல்டு கென்ட் ரோடு, பெக்கத்தின் வடக்கு விளிம்பை உரசிக்கொண்டு ஓடுகிறது. லண்டனில் தன் இல்லமான லாம்பெத் மாளிகைக்கும் கேன்டர்பரிக்கும் இடையே போய்வந்த பேராயர் அந்த வழியாகப் போயிருக்கக்கூடும். வழிப்போக்கருக்கு ஊர் சொந்தமாகிவிடாது.

பெக்கத்தை பிரிட்டன் முழுக்கப் பிரபலமாக்கிய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’. 1981-இல் தொடங்கியது. அதன் நாயகர்கள் வசிக்கும் அடுக்குமாடிக் கட்டிடம் திரையில் பெக்கத்தில் இருக்கிறது. படம்பிடித்ததோ மேற்கு லண்டனிலும் பிரிஸ்டலிலும். பெயர் ஓரிடத்திலும் ஆள் வேறிடத்திலும் இருப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

ஆகவே ரத்த உறவு இல்லை. ஆனால் தத்து எடுக்கலாமே? ஊர்கள் தங்களுக்குப் பிடித்த முன்னோர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது உலக வழக்கம்தான். எனவே பேராயரின் தகுதியையும் பார்த்துவிட வேண்டும்.

தத்துக்கு ஆதரவாக மிகக் கவர்ச்சியான ஒரு வாதம் இருக்கிறது. ஜான் பெக்கம் பிரான்சிஸ்கன் துறவி. பாரிசில் இறையியல் கற்பித்தவர். அங்கே இறையியலாளர் தாமஸ் அக்குவினாசோடு அவர் மோதிய பெரிய தகராறு ஒன்று உண்டு. ஒரு மனிதனை மனிதனாக்கும் வடிவம் ஆன்மா ஒன்றே என்றார் அக்குவினாஸ். இல்லை, உடலுக்கென்று தனி வடிவம் உண்டு, மனிதன் பல வடிவங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த ஒருமை என்பது ஜான் பெக்கமின் கட்சி. இது வெறும் சொற்சிலம்பம் அல்ல. ஆன்மா ஒன்றே வடிவம் என்றால், உயிர் பிரிந்த பிறகு கல்லறையில் கிடந்த கிறிஸ்துவின் உடல் அதே உடல்தானா என்ற கேள்வி வரும். புனிதர்களின் எலும்புகளை வணங்குவது எதை வணங்குவது என்ற கேள்வியும் கூடவே வரும்.

பல வடிவங்கள் கூடிய ஓர் உடல்! பெக்கம் என்ற ஊரை வர்ணிக்க இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைக்குமா? கிடைக்காது என்பதால்தான் இதைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. தத்துவத்தில் பன்மையைக் காப்பாற்றியவர் தன் கட்சியை நிலைநாட்டிய விதத்தைப் பாருங்கள். 1284-இல் ஆக்ஸ்ஃபோர்டில் எதிர்க் கருத்துகளின் மீதான பழைய தடையைப் புதுப்பித்தார். 1286-இல் ஒற்றை வடிவக் கொள்கையைப் போதித்த டொமினிக்கன் அறிஞர் ரிச்சர்ட் நாப்வெல்லின் கருத்துகளைக் கண்டனம் செய்தார். மனிதனுக்குள் பல வடிவங்கள் இருக்கலாம். பல்கலைக்கழகத்துக்குள் இரண்டு கருத்துகள் இருக்கக் கூடாது. படிமம் அழகானது, பேராயருக்கு அது பொருந்தவில்லை.

அவருடைய நல்ல பக்கத்தை மறைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவதும் நேர்மையல்ல. 1279-இல் போப் மூன்றாம் நிக்கோலஸ் அவரை நியமித்தபோது, அரசர் முதலாம் எட்வர்டு அந்தப் பதவிக்கு விரும்பியது தன் அமைச்சர் ராபர்ட் பர்னெல்லை. அரசருக்குக் கடன்படாமல் பதவிக்கு வந்த மனிதர், வந்த ஆண்டே ரெடிங்கில் சபையைக் கூட்டினார். ஒரே ஆள் பல ஆலயப் பங்குகளின் வருமானத்தைக் கையில் வைத்துக்கொள்ளும் ஊழலைத் தாக்கினார். அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டாவின் பிரதிகளைப் பேராலயங்களில் மக்கள் பார்வைக்கு மாட்டச் சொன்னார். எட்வர்டு விடவில்லை, அதே ஆண்டில் அவற்றைக் கழற்றவைத்தார். 1281-இல் லாம்பெத்தில் கூடிய சபையில், ஒவ்வொரு பங்குக் குருவும் ஆண்டுக்கு நான்கு முறை விசுவாசத்தின் அடிப்படைகளை மக்கள் பேசும் மொழியிலேயே விளக்க வேண்டும் என்று விதித்தார். குருக்களின் அறியாமையே மக்களைக் குழியில் தள்ளுகிறது என்ற கவலையிலிருந்து பிறந்த விதி அது. இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், விசுவாசத்தை மக்களின் பக்கத்தில் கொண்டுவந்த அளவில், இன்றைய பெக்கத்தோடு ஒரு பாலம் தெரிகிறது. பெக்கம் அடங்கிய சதக் மாநகரப் பகுதியில் மட்டும் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாகக் கூடும் திருச்சபைகள் சுமார் 240 இருப்பதாக ரோஹாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2013-இல் கணக்கெடுத்தது. பழைய தொழிற்கூடங்களிலும் கடைகளின் மாடிகளிலும் ஞாயிறுதோறும் ஜெபம் நடக்கிறது. ஆனால் ஆயரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் நடக்கும் இந்த ஜெபங்களை ஜான் பெக்கம் கண்டிருந்தால் என்ன செய்திருப்பார்? சபைவிலக்கு என்ற ஆயுதத்தைத் தாராளமாக வீசியவர் அவர். பிற்பாடு புனிதராக அறிவிக்கப்பட்ட ஹெர்ஃபோர்டு ஆயர் தாமஸ் கான்டிலூப் மீதே அதை வீசியவர். விடை ஊகிக்கக் கடினமில்லை.

தராசின் மறுதட்டு கனமானது. 1282-இல் லண்டன் ஆயருக்கு அவர் அனுப்பிய ஆணை, நகரிலிருந்த யூதர்களின் தொழுகைக்கூடங்களை ஒழிக்கச் சொன்னது. யூதர்களின் வட்டிக் கடனில் மூழ்கிய நிலங்களைக் கைப்பற்றிச் சேர்த்துக்கொண்டிருந்த அரசி எலினோருக்கு, அது பாவச் சொத்து என்று கடிதம் எழுதினார். அதில் அரசியையே கண்டிக்கும் துணிவு இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வேடிக்கை, பதவியேற்ற காலத்தில் பேராயரே இத்தாலியின் லூக்கா நகர வங்கியாளர்களிடம் கழுத்தளவு கடனில் இருந்தவர். 1290-இல் இங்கிலாந்திலிருந்து யூதர்கள் அனைவரையும் வெளியேற்றிய ஆணை அரசருடையது. அதைப் பேராயர் தலையில் கட்ட முடியாது. அந்த ஆணை முளைக்க மண்ணைப் பதப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறுக்கவும் முடியாது.

வேல்ஸ் விவகாரம் அவருடைய மனப்போக்கை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1282-இல் எட்வர்டுக்கும் வேல்ஸ் இளவரசர் லுவெல்லினுக்கும் போர் மூண்டபோது, சமாதானம் பேச அவரே மலைநாட்டுக்குப் போனார். அந்தக் குளிரில் போனதே பெரிய காரியம். கையில் கொண்டுபோன திட்டமோ, இளவரசர் தன் நாட்டைக் கொடுத்துவிட்டு இங்கிலாந்தில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு பெறுமான நிலத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது. லுவெல்லின் மறுத்தார், டிசம்பரில் கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டு கழித்து, வென்ற நாட்டை என்ன செய்வது என்று பேராயர் அரசருக்கு எழுதிய யோசனைகள் உண்டு: வேல்ஸ் மக்களை நகரங்களில் சேர்ந்து வாழ வையுங்கள், பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வையுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. வேறு மாதிரி வாழ்வது ஒரு குறை, அதைத் திருத்த வேண்டும் என்று மனதார நம்பினார். அதுதான் சிக்கல்.

‘அவர் தன் காலத்தின் மனிதர், நம் அளவுகோலால் அளக்கக் கூடாது’ என்று ஒரு எதிர்வாதம் வரும். பாதி சரி. யூதர்களைத் தனியே அடையாளப்படுத்தச் சொன்னது 1215-இல் ரோமில் கூடிய லேட்டரன் பொதுச்சங்கம். பெக்கம் அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர். ஆனால் குருக்களைச் சீர்திருத்தவும் மக்களுக்குப் போதிக்கவும் உந்திய காற்றும் அதே சங்கத்திலிருந்துதான் வீசியது. குற்றத்தைக் காலத்தின் கணக்கில் எழுதுகிறவர்கள் புகழையும் காலத்தின் கணக்கிலேயே எழுதட்டும். அப்படி இரண்டையும் கழித்துவிட்டால் ஜான் பெக்கம் என்ற தனி மனிதரிடம் என்ன மிஞ்சும்?

ஒரு புத்தகம் மிஞ்சும். ‘பெர்ஸ்பெக்டிவா கம்யூனிஸ்’ என்ற ஒளியியல் பாடநூல். நேர்ப்பார்வை, எதிரொளிப்பு, ஒளிவிலகல் என்று மூன்று பாகம். பேராயராவதற்குச் சற்று முன் எழுதியது. மேற்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் 300 ஆண்டுகளுக்கு மேல் அதை வைத்துப் பாடம் நடத்தின. கணித மேதை கார்டானோவின் தந்தை ஃபாட்சியோ அதை மிலானில் அச்சேற்றினார். அதன் முன்னுரைப் பகுதியை லியனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில் இத்தாலியில் எழுதி வைத்துக்கொண்டார். இந்த நூலின் முதுகெலும்பு பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இஸ்லாமிய அறிஞர் இப்ன் அல்-ஹைதமின் ஒளியியல். யூதர் தொழுகைக்கூடத்தைச் சகிக்காத அதே மனிதர், கண் எப்படிப் பார்க்கிறது என்ற கேள்விக்கு அரபு நாட்டு ஆசிரியரிடம் மாணவராக உட்கார்ந்திருக்கிறார். கூச்சமே இல்லாமல், ஒழுங்காகச் சுருக்கி, தெளிவாக எழுதியிருக்கிறார். அவருடைய வாழ்க்கையில் அந்நியர் ஒருவரிடம் எதையும் திருத்த முற்படாமல் கற்றுக்கொண்ட இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஊரின் பக்கமும் கொஞ்சம். பன்மை என்ற சொல்லைப் பெக்கத்தின் மேல் சந்தனம் மாதிரி பூசுவது இப்போது வீட்டுத் தரகர்களுக்கே வழக்கமாகிவிட்டது. அந்தப் பன்மை யாருடைய கொள்கையாலும் வந்ததல்ல. மலிவான வாடகை, மாநகராட்சிக் குடியிருப்புகள், ரய் லேன் கடைத்தெருவில் ஒரு கடையை நாலாகப் பிரித்துச் சேனைக்கிழங்கும் கருவாடும் முடி பின்னும் தொழிலும் நடத்த முடிந்த வசதி, இவற்றால் வந்தது. வாடகை ஏறினால் வந்த வழியே போகவும் செய்யும். 2000-இல் புதிய நூலகக் கட்டிடத்துக்கு ஸ்டிர்லிங் பரிசு கிடைத்த அதே ஆண்டில், நைஜீரியாவிலிருந்து வந்த 10 வயதுச் சிறுவன் நூலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் குத்திக் கொல்லப்பட்டான். 2011 கலவரத்துக்குப் பிறகு, உடைந்த கடையை மூடிய பலகையில் மக்கள் ஒட்டிய அன்புக் குறிப்புச் சீட்டுகள் பின்னர் நிரந்தரச் சுவராயின. இரண்டும் சேர்ந்ததுதான் பெக்கம்.

இந்த ஊருக்கு முன்னோர் தேவையென்றால் தேட வேண்டியதே இல்லை. ஹெரால்டு மூடி 1904-இல் ஜமைக்காவிலிருந்து மருத்துவம் படிக்க வந்தார். தேர்ச்சி பெற்ற பின் தோல் நிறத்தைக் காட்டி மருத்துவமனைப் பணி மறுக்கப்பட்டது. 1913-இல் பெக்கத்தில் சொந்தமாக மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். வேலையும் அறையும் கிடைக்காமல் வந்த கறுப்பின மக்களுக்கு அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. 1931-இல் நிறவெறிக்கு எதிராக லீக் ஆஃப் கலர்டு பீப்பிள்ஸ் அமைப்பைத் தொடங்கினார். அவரும் ஆழ்ந்த கிறிஸ்தவர்தான். பேராயர் விசுவாசத்தை வைத்து மற்றவரைத் திருத்தப் பார்த்தார், மூடி அதே விசுவாசத்தை வைத்து மற்றவருக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

என் தீர்ப்பு இது. பேராயர் ஜான் பெக்கம் பேட்சத்துக்கே இருக்கட்டும். லண்டன் பெக்கம் அவரைத் தத்தெடுக்கக் காரணமில்லை. அவருடைய புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். லத்தீன் மூலமும் ஆங்கிலமும் சேர்ந்த பதிப்பை டேவிட் லிண்ட்பெர்க் 1970-இல் கொண்டுவந்திருக்கிறார். பெக்கம் நூலகத்தில் அதை இப்ன் அல்-ஹைதமின் நூலுக்குப் பக்கத்தில், அதற்கு அடுத்ததாக வைத்தால் போதும்.