டாலி பார்ட்டனின் பத்துப்பாட்டு

1971 அக்டோபரில் வந்த 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' ஆல்பத்தை முழுக்கக் கேட்டு முடிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. மொத்தமே பத்துப் பாட்டு. அதைப் பாடிய கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டனுக்கு அப்போது வயது 25. கன்ட்ரி இசை என்றாலே தொப்பி, குதிரை, விஸ்கி, ஓடிப்போன மனைவி என்று ஒதுக்கிவைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களைப் பிடித்து உட்காரவைத்து இந்த ஆல்பத்தைக் கேட்கவைப்பதுதான் என் வேலை. பாதிப் பேர் கட்சி மாறிவிட்டார்கள். மீதிப் பேர் இப்போதெல்லாம் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

இந்தப் பத்தில் ஏழு டாலியே எழுதியவை. மற்ற மூன்றும் போர்ட்டர் வேகனர் எழுதியவை. வேகனர் அன்றைக்குப் பெரிய தொலைக்காட்சி நட்சத்திரம். 1967-இல் டாலியைத் தன் நிகழ்ச்சியில் சேர்த்து, நாட்டுக்கே காட்டியவர். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் தரவரிசை போட உட்கார்ந்தால் நன்றிக்கடனுக்கு மதிப்பெண் கிடையாது. டாலியின் பாட்டில் ஓர் ஆள் இருப்பார். பெயர் இருக்காது, முகம் இருக்கும். வேகனரின் பாட்டில் பெரும்பாலும் ஒரு கருத்து மட்டும் இருக்கும். என் வரிசையின் சூத்திரம் இவ்வளவுதான். கடைசியிலிருந்து ஏறி வருகிறேன்.

10. 'தி வே ஐ சீ யூ'. வேகனரின் காதல் பாட்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை, நினைவில் நிற்கவும் ஒன்றுமில்லை. டாலி பாடியதால் தப்பித்தது.

9. 'தி மிஸ்டரி ஆஃப் த மிஸ்டரி'. இதுவும் வேகனர்தான். படைப்பின் புதிரை வியக்கும் பாட்டு. தத்துவம் கனமாக இருக்கிறது, பாட்டு அதைத் தூக்க முடியாமல் தூக்குகிறது.

8. 'ஷி நெவர் மெட் எ மேன்'. ஒருத்தியிடம் மயங்கிக் கிடப்பவனுக்கு, அவள் யாரிடமும் நிலைக்கமாட்டாள் என்று டாலி சொல்லும் எச்சரிக்கை. குரலில் கொஞ்சம் அக்கறை, கொஞ்சம் பொறாமை. எது எவ்வளவு என்று அளந்து பார்ப்பதே சுகம்.

7. 'எ பெட்டர் பிளேஸ் டு லிவ்'. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. எல்லாரும் அன்பாக இருந்தால் உலகம் நன்றாக இருக்கும் என்கிறது. வேறு யார் பாடியிருந்தாலும் நான் தாண்டிப் போயிருப்பேன். டாலி சொல்லும்போது மட்டும், ஆமாம், இருந்தால்தான் என்ன என்று தோன்றிவிடுகிறது.

6. 'இஃப் ஐ லூஸ் மை மைண்ட்'. என் சூத்திரத்தை உடைத்த வேகனர் பாட்டு. புருஷனின் வக்கிரங்களைத் தாங்கமுடியாமல் தாய்வீட்டுக்கு வந்து நிற்கும் ஒரு பெண், அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அன்றைய கன்ட்ரி வானொலியை நினைத்துக்கொண்டு கேளுங்கள்: இதையெல்லாம் பாட்டாக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எழுதியது ஆணாக இருக்கலாம். பாடும்போது அது முழுக்க அந்தப் பெண்ணின் வாக்குமூலம் ஆகிவிடுகிறது.

5. 'ஏர்லி மார்னிங் ப்ரீஸ்'. விடிகாலையில் புல்வெளியில் நடக்கிறாள், பூக்களைப் பார்க்கிறாள், கடவுளிடம் இரண்டு வார்த்தை பேசுகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் கேட்டால் கால் தரையில் நிற்காது. டாலிக்கும் இதன்மேல் தனிப் பிரியம் இருந்திருக்க வேண்டும். 1974-இல் 'ஜோலீன்' ஆல்பத்தில் மறுபடியும் பாடிச் சேர்த்தார்.

4. 'டிராவலிங் மேன்'. ஊர் ஊராகச் சுற்றும் ஒருவன்மேல் மகளுக்குக் காதல். அம்மாவுக்கு அவனைப் பிடிக்காது. அப்படித்தான் நாமும் நம்பிக்கொண்டிருப்போம். கடைசியில் அவனோடு ஊரைவிட்டுக் கிளம்புவது யார் தெரியுமா? அம்மா! முதல் தடவை கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன். இப்போதும் அந்த இடம் வருமுன்பே பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். மூன்று நிமிடத்துக்குள் ஒரு சிறுகதை, அதன் திருப்பத்தோடு.

3. 'மை ப்ளூ டியர்ஸ்'. காதலன் போய்விட்டான். வெளியே பறவை பாடுகிறது, சூரியன் அடிக்கிறது. இரண்டையும் போய்விடச் சொல்கிறாள். இத்தனை சின்னப் பாட்டுக்குள் இத்தனை பிடிவாதமான துக்கம்! மெட்டு மலைநாட்டுப் பழம்பாட்டுபோல் இருக்கும். யாரும் எழுதாமல் தானாக இருந்துவந்ததோ என்று சந்தேகம் வரும். பாடகி லிண்டா ரான்ஸ்டட் பாடியது 1982-இல் வந்தது. டாலியே 2001-இல் 'லிட்டில் ஸ்பாரோ' ஆல்பத்தில் திரும்பவும் பாடினார். எனக்கு 1971 குரல்தான். அந்த நடுக்கத்தை ஐம்பத்தைந்து வயதில் வேறு மாதிரி அழகாகப் பாடலாம், இதே மாதிரி பாட முடியாது.

2. 'ஹியர் ஐ ஆம்'. பொத்திவைத்த ரத்தினம் என்றால் இதுதான். அன்புக்கு ஏங்கும் ஒருவரிடம் தன்னையே எடுத்து நீட்டுகிற பாட்டு. அடக்கமாகத் தொடங்கி, பல்லவியில் குரல் திறந்துகொள்ளும்போது நாஷ்வில் ஸ்டுடியோ தேவாலயமாக மாறிவிடும். டாலியைக் கொஞ்சும் கிளிக்குரல்காரி என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் மருந்து இது. பல காலம் பெரிதாக யாரும் பேசாமல் கிடந்த பாட்டு, 2018-இல் 'டம்ப்ளின்' படத்துக்காகப் பாடகி சியாவோடு டாலி சேர்ந்து பாடியபோது புதுத் தலைமுறையிடம் போய்ச் சேர்ந்தது. அன்று எனக்கு என் சொந்தக்காரப் பெண் பரிசு வாங்கிய சந்தோஷம்.

1. 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்'. வேறென்ன! தலைப்புப் பாட்டை முதலிடத்தில் வைப்பது சோம்பேறித்தனம் என்று நண்பர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

டென்னசியின் ஸ்மோக்கி மலைப்பகுதியில் பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவர் டாலி. கையில் காசில்லை. யாரோ கொடுத்த துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு அம்மா ஒரு கோட்டு தைக்கிறார். தைத்துக்கொண்டே, பைபிளில் யோசேப்பு போட்டிருந்த பலவருண அங்கியின் கதையைச் சொல்கிறார். சிறுமி ராணி மாதிரி பள்ளிக்கூடம் போகிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். கதை இதோடு சரி. சிரித்தவர்கள் யாரும் தண்டிக்கப்படுவதில்லை, திருந்துவதும் இல்லை. அவளோ ஆத்திரப்படாமல், இந்தக் கோட்டின் மதிப்பு உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று ஆச்சரியத்தோடு விளக்கப் பார்க்கிறாள். பாடும் டாலியும் ஓரிடத்தில்கூட அழுவதில்லை. அழுதிருந்தால் நாம் பரிதாபப்பட்டுவிட்டுப் போயிருப்போம். பரிதாபத்துக்கு இடமே கொடுக்காத வறுமைப் பாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இதை எழுதிய கதை இன்னொரு விருந்து. 1969-இல் வேகனரோடு பேருந்தில் சுற்றுப்பயணம் போகும்போது பாட்டு வருகிறது, காகிதம் இல்லை. வேகனரின் உடை சலவைக்குப் போய்வந்த ரசீது கையில் அகப்படுகிறது. கல் பதித்து மின்னும் கோட்டுகளுக்குப் பேர்போனவர் அவர். ஒட்டுப்போட்ட கோட்டின் கதை அந்த ரசீதில் எழுதப்பட்டது! பாட்டு பிரபலமானதும் வேகனர் அந்த ரசீதைச் சட்டம் போட்டு வைத்தாராம். கும்பிடு இன்னொன்று. பில்போர்டு கன்ட்ரி வரிசையில் பாட்டு நான்காம் இடம்வரை போனது. 2011-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொண்டது.

என் வரிசை இது. நாலாவதை மூன்றாக்கச் சொன்னால் பேசிப் பார்க்கலாம். 'ஹியர் ஐ ஆம்' முதலிடத்துக்கு வரவேண்டும் என்றால் காபி போட்டு உட்காரவைத்து முழுசாகக் கேட்பேன். முதல் பாட்டை மூன்றாம் இடத்துக்குக் கீழே தள்ளுகிறவரோடு மட்டும் எனக்குப் பேச்சில்லை.