ஃபிரேமில் கை வைப்பது

மோட்டார் சைக்கிளின் ஃபிரேம் மூன்று இடங்களை ஒன்றையொன்று விட்டு விலகாமல் பிடித்திருக்கிறது. முன் ஃபோர்க் திரும்பும் தலைக்குழாய், எஞ்சின் உட்காரும் இடம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மாட்டும் இடம். சீட்டு, கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் இவற்றை ஒட்டி வந்து சேர்ந்தவை. ஃபிரேமில் சொந்தமாகக் கை வைக்கலாமா, பட்டறைக்குப் போக வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தப் பிரிவினையிலேயே கிடைத்துவிடுகிறது. ஒட்டி வந்தவை வண்டிக்காரரின் கைக்கு அடங்கும். அந்த மூன்று இடங்கள் அடங்குவதில்லை.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் இந்தக் கேள்வி மீன் பெட்டியோடு வருகிறது. கரையில் வாங்கிய இறாலும் நண்டும் மடவையும் ஐஸ் உருகுவதற்குள் பொன்னேரி போய்ச் சேர வேண்டும். 1980இல் ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50, அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். வண்டிகள், பழைய நூறு சி.சி. பைக்குகள் ஆகியவை தமிழகக் கடலோரத்தில் இந்த வேலைக்குப் பழகியவை. வண்டி இரண்டு பேரைச் சுமக்கச் செய்யப்பட்டது. பெட்டியோ இரண்டாவது ஆளைவிட அகலமானது, பின்னால் தள்ளி உட்காருவது, வழியெல்லாம் உப்புநீர் சொட்டுவது. உப்பு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் ஊர்களில் இரும்புக்கு ஏற்கெனவே ஆயுள் குறைவு. ஆகவே இங்கே ஃபிரேம் வேலையின் தரத்தைப் பாரமும் துருவும் சேர்ந்து சோதிக்கின்றன.

வீட்டிலேயே செய்யத் தகுந்ததில் முதலிடம் கேரியருக்கு. நல்ல கேரியரைக் கழற்றினால் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே நிற்கும். ஃபிரேம் குழாயில் ஒரு துளைகூட இருக்காது. ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளிலும் யூ-கிளாம்புகளிலும் அது பிடித்து நிற்கும். கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவே பழைய ட்யூபை வெட்டிச் சுற்றிய ரப்பர் இருக்கும். பின்பக்கமிருந்து சாய்வாக இறங்கும் இரண்டு கம்பிகள் பாரத்தைக் கீழே கொண்டுபோய்விடும். பார்வைக்கு மெலிந்த கேரியர் தடித்ததைவிட அதிகம் தாங்குவது இந்தச் சாய்கம்பிகளால்தான். முக்கோணம் வளையாது, நாற்கோணம் பள்ளத்துக்குப் பள்ளம் நெளியும். பெட்டி எவ்வளவு தாழ்ந்தும் பின் அச்சுக்கு எவ்வளவு முன்னாலும் உட்காருகிறதோ அவ்வளவுக்கு முன்சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும். அச்சைத் தாண்டிப் போன பாரம் நெம்புகோலாகி ஹேண்டிலைத் தூக்கும். ஐஸ் தண்ணீரைச் செயினுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் எட்டாமல் வெளியே விடும் ஒரு ஹோஸ் துண்டு பத்து ரூபாய் பெறாது. ஆனால் செய்தவர் வண்டியை எத்தனை வருஷத்துக்கு நினைத்திருக்கிறார் என்பது அந்தத் துண்டில் தெரிந்துவிடும்.

கைத்திறன் இங்கே குறைவில்லை. ஃபைபர் படகில் விரிசல் விழுந்தால் பாயும் ரெசினும் வைத்துத் தாமே ஒட்டிக்கொள்கிறவர்கள் வெல்டிங் கம்பி பிடிக்கத் தயங்க வேண்டுமா என்று கேட்கலாம். படகு ஒட்டு கெட்டால் தண்ணீர் கசிந்து முன்னமே சொல்லிவிடும். ஃபிரேமில் வைத்த வெல்டிங் பற்று அப்படிச் சொல்வதில்லை. பெயின்டுக்கு அடியில், பற்றின் ஓரத்தில், முடியளவு விரிசல் ஒவ்வொரு குலுங்கலுக்கும் கொஞ்சம் நீண்டு, ஒருநாள் முழுக் குழாயையும் விட்டுவிடும்.

பட்டறையில் மூன்று வகை வெல்டிங் பேச்சில் உண்டு: கரண்டு வெல்டிங், கேஸ் வெல்டிங், ஆர்கான் வெல்டிங். கரண்டு வெல்டிங் கனத்த இரும்புக்கு ஏற்றது. கேட்டும் கிரில்லும் செய்யும் கை அதே வேகத்தில் மெல்லிய ஃபிரேம் குழாயைத் தொட்டால் ஓட்டை விழும், அல்லது மேலே மட்டும் ஒட்டி உள்ளே பிடிக்காது. கேஸில் பித்தளைக் கம்பி உருக்கிப் பற்றும்போது இரும்பு உருகுவதில்லை. சூடு குறைவு, குழாயும் அவ்வளவாக இறுகிப்போவதில்லை. ஆர்கானில் தீப்பொறி கைக்குள் அடங்கும், மெல்லிய குழாயில் துல்லியம் கிடைக்கும், கூலியும் அதற்கேற்ப. வீட்டுக்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறு மிச்சமிருக்கும் ஜி.ஐ. தண்ணீர்க் குழாயை ஃபிரேமில் சேர்ப்பது. அது பாரம் தாங்கச் செய்யப்பட்டதல்ல. மேலிருக்கும் துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகை அன்றிரவே காய்ச்சல் கொடுக்கும், பற்றையும் கெடுக்கும்.

நல்ல பற்றை ரசிக்கப் பழக்கம் வேண்டும். தேர்ந்த கை, வெல்டிங் வைக்கும் முன்பே பாதி வேலையை முடித்திருக்கும். ஒரு குழாயின் முனையை மீன்வாய்போல் குடைந்து அரத்தால் ராவி, இன்னொன்றின் வளைவோடு வெளிச்சம் தெரியாமல் பொருத்தும். இடைவெளியைக் கம்பியால் அடைப்பது அரைகுறை வேலை. குழாயைக் குறுக்கே வெட்டி நீட்ட வேண்டியிருந்தால் உள்ளே இறுக்கமான ஒரு குழாயைச் செருகி, பற்றை ஒரே வட்டத்தில் விடாமல் சாய்வாக இழுக்கும்; ஒரே வட்டத்தில் சூடுபட்ட இடம் அங்கேயே முறியத் துணியும். அலையலையாக ஒரே அகலத்தில் ஓடும் பற்று, ஓரத்தில் பள்ளம் விழாமல் இருப்பது, தொடக்கமும் முடிவும் மூலையில் வந்து நிற்காமல் இருப்பது, இவை மூன்றையும் பார்த்தாலே போதும். கிரைண்டர் வைத்து வழவழவென்று தேய்த்த பற்று கண்ணுக்கு அழகு, நம்பிக்கைக்கு அல்ல. எதை மறைக்கத் தேய்த்தார் என்று கேட்கத் தோன்றும்.

இதைவிடக் கடினமானது நேர் பிடிப்பது. சூடான இரும்பு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். அதனால் நாலு புறமும் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்து, அளந்து, பிறகே முழுப் பற்று. தலைக்குழாய் ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தால் அறுபது சென்டிமீட்டர் கீழே அச்சு ஒரு சென்டிமீட்டர் விலகிவிடும். வண்டி கையை விட்டால் ஒரு பக்கம் இழுக்கும். பழைய புல்லட்டில் ஆபத்து இன்னும் அதிகம். 1950களில் திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கிய அந்த வண்டியில் முன்குழாய் எஞ்சினோடு முடிந்துவிடுகிறது. எஞ்சினே ஃபிரேமின் அடிப்பகுதி. எஞ்சினை இறக்கிவிட்டு வெல்டிங் வைத்தால், திரும்ப ஏற்றும்போது போல்ட் துளைகள் ஒத்துவராது. இதற்காகத்தான் தொழில்முறை ஆள் ஜிக் வைத்திருக்கிறார்: ஃபிரேமை அசையாமல் பூட்டும் கனத்த இரும்புப் பலகை. அவருக்குக் கொடுக்கும் கூலியில் பெரும்பங்கு ஜிக்குக்கானது. வீட்டில் இருப்பது நைலான் நரம்பு மட்டும். இரண்டு சக்கரங்களின் பக்கவாட்டிலும் அதை இழுத்துக் கட்டிப் பார்த்தால் கோணல் தெரியும், திருத்த முடியாது.

சொந்தக் கைக்கும் தொழில்முறைக் கைக்கும் உள்ள உறவுக்கு மோட்டார் சைக்கிள் வரலாற்றில் சிறந்த உதாரணம் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஃபெதர்பெட் ஃபிரேம். அதை வடிவமைத்த வட அயர்லாந்துக்காரர் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் தானாகக் கற்றவர். 1950இல் பந்தயத்துக்கு வந்த அந்த ஃபிரேம் ஒரு தலைமுறைக்கே அளவுகோலானது. ஆனால் குழாய்களைப் பற்றவைத்துத் தயாரித்தது பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் டியூப் நிறுவனம். நார்ட்டன் தன் தொழிற்சாலையில் அதைச் செய்யவில்லை. ஃபிரேமுக்குத் தேர்ந்த கையை நாடுவது அதோடு நிற்கவில்லை: புல்லட்டைத் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டும் 2015இல் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற இங்கிலாந்து ஃபிரேம் பட்டறையை விலைக்கு வாங்கியது.

சட்டமும் ஒரு கோட்டை வரைகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறித்த அமைப்பை உரிமையாளர் மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் ஆறு மாதம்வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் சேர்ந்தன. பட்டறைக்காரர் கைபட்டால் குற்றம் மறைந்துவிடாது. ஃபிரேமில் பொறித்த சேசிஸ் எண்ணை வெட்டுபவர் வண்டியின் அடையாளத்தையே வெட்டுகிறார். பழைய எஞ்சினை மாட்டிய மூன்று சக்கர வண்டிகளான சென்னையின் மீன்பாடி வண்டிகள் எத்தனை சாமர்த்தியமாகச் செய்யப்பட்டாலும் போலீசிடம் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

விரிந்த பற்றைத் திருப்பி வைப்பது, உடைந்த ஸ்டாண்டு காதை ஒட்டுவது போன்ற பழுதுகள் மாற்றத்தில் சேராதவை. அவைதான் பெரும்பாலும் பட்டறைக்கு வருகின்றன. வெல்டிங் தொடும் முன் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 வண்டிகளில் எலக்ட்ரானிக் பெட்டியின் இணைப்பையும் எடுக்க வேண்டும். எர்த் கிளிப்பைப் பற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினால் கரண்டு பேரிங் வழியாகப் பாயாது. வேலை முடிந்தபின் வெளியே ரெட் ஆக்ஸைடும் பெயின்டும் போதும் என்று விடுவது உப்புக்காற்றில் பலிக்காது. பற்றின் உட்புறத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கிருந்தே தொடங்கும். குழாய்க்குள் எண்ணெயோ மெழுகோ ஊற்றிச் சுழற்றிவிட்டு, திறந்த முனைகளை அடைத்து, மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பற்றின் ஓரங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்ப்பது வண்டிக்காரரின் பங்கு.