கிட்: கணினிகளுக்கிடையே நிரலை ஒத்திசைக்கும் கருவி – ஒரு திறனாய்வு

கிட் என்பது கோப்புகளில் செய்யப்படும் மாற்றங்களைக் காலவரிசையில் பதிந்து வைத்து, அந்தப் பதிவுகளை ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கொண்டு செல்ல உதவும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். இது கட்டற்ற மென்பொருள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நிரல் எழுதுவோர் உலகெங்கும் இதைக் கையாள்கின்றனர். ஆனால் புதிதாகக் கற்கும் மாணவர் பலர் இதைக் கோப்பு சுமக்கும் பையாகவே கருதுகின்றனர். உண்மையில் இது பை அன்று, பேரேடு. கொடுத்த ஒவ்வோர் எழுத்தையும் அப்படியே பதிந்து வைக்கும். பதிந்ததன் பொருள் என்ன என்பது அதற்குத் தெரியாது. கிட்டின் பலமும் குறையும் இந்த ஓர் இயல்பிலிருந்தே பிறக்கின்றன. தமிழில் எழுதுவோருக்கு அந்தக் குறை சற்றுக் கூடுதலாகவே தட்டுப்படும்.

திண்டுக்கல் மாவட்டத்துச் சித்தையன்கோட்டை போன்ற ஒரு பேரூரிலிருந்து காந்திகிராமத்துக்கோ திண்டுக்கல்லுக்கோ பேருந்தில் போய்ப் படிக்கும் மாணவரின் நிலையை எடுத்துக்கொள்ளலாம். ஆய்வகக் கணினியில் பாதி எழுதிய நிரல் பென் டிரைவில் வீட்டுக்கு வருகிறது. இரவில் மடிக்கணினியில் அது திருத்தப்படுகிறது. மறுநாள் பென் டிரைவ் வீட்டிலேயே தங்கிவிட, ஆய்வகத்தில் கிடக்கும் பழைய படியின் மேலேயே அன்றைய வேலை நடக்கிறது. வாரக் கடைசியில் 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று மூன்று கோப்புகள் சேர்ந்துவிடுகின்றன. எது கடைசியாகச் சேமிக்கப்பட்டது என்பதைத் தேதி சொல்லும். எந்த வரி எதில் சரி என்பதைத் தேதி சொல்லாது. கிட் விடையளிக்க முயல்வது இந்த இரண்டாவது கேள்விக்குத்தான்.

தோற்றம்

இந்தச் சிக்கல் கணினித்துறைக்குப் பழையது. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைன்ட் எஸ்சிசிஎஸ் என்னும் முதல் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதினார். அதன்பின் ஆர்சிஎஸ், சிவிஎஸ், சப்வெர்ஷன் ஆகியவை வந்தன. பின்னிரண்டிலும் வரலாறு முழுவதும் நடுவில் ஒரே வழங்கியில் இருக்கும். இணைப்பு அறுந்தால் புதிய மாற்றத்தைப் பதியவும் முடியாது.

லினக்ஸ் கருவகத்தை எழுதுவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் தனியார் மென்பொருளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தி வந்தனர். 2005-இல் அந்தச் சலுகை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஏப்ரல் மாதத்திலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். தொடங்கிய சில நாட்களிலேயே கிட்டின் மூலநிரல் கிட்டிலேயே பதியப்பட்டது. ஜூன் மாதம் லினக்ஸ் 2.6.12 கிட்டின் உதவியோடு வெளிவந்தது. ஜூலையில் ஜூனியோ ஹமானோ அதன் பராமரிப்பை ஏற்றார். இந்த அவசரப் பிறப்பின் தழும்புகள் கட்டளைகளில் இன்றும் தெரிகின்றன. 'செக்அவுட்' என்ற ஒரே கட்டளை ஓரிடத்தில் கிளை மாற்றும். இன்னோரிடத்தில் சேமிக்காத திருத்தங்களைக் கேளாமலே அழிக்கும். இவ்விரண்டு வேலைகளையும் 'ஸ்விட்ச்', 'ரீஸ்டோர்' என்று பிரித்துத் தர 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய பாடக்குறிப்புகளை வைத்துப் படிக்கும் மாணவர் இன்னும் 'செக்அவுட்'டோடுதான் மல்லுக்கட்டுகிறார்.

பிணையமின்றி ஒத்திசைத்தல்

கிட்டின் ஆகச்சிறந்த பண்பு, ஒவ்வொரு கணினியிலும் முழு வரலாறும் இருப்பது. பதிவு செய்வதற்கு இணையம் வேண்டாம். பேருந்திலோ மின்தடையிலோ மடிக்கணினியின் மின்கலம் தாங்கும் வரை வேலையைத் தொடர்ந்து பதியலாம். இணைப்புக் கிடைக்கும்போது 'புஷ்' கொடுத்தால் போதும். நடைமுறையில் ஒழுங்கு எளிது: உட்கார்ந்தவுடன் 'புல்', எழும்முன் 'கமிட்', பிறகு 'புஷ்'. இந்த மூன்றில் கடைசியை மறப்பவரே அதிகம். கமிட் செய்தது அந்தக் கணினிக்கு மட்டுமே தெரியும் என்பதைப் பயிற்றுவிப்போர் முதல் நாளே அழுத்திச் சொல்ல வேண்டும்.

கிட்ஹப் போன்ற வலைத்தளங்கள் இன்றிக் கிட் இயங்காது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இது தவறு. கிட்ஹப் 2008-இல் வந்தது. கிட் அதற்கு மூத்தது. ஒரு பென் டிரைவில் வெற்றுக் களஞ்சியம் ஒன்றை உருவாக்கி, வீட்டுக் கணினியும் ஆய்வகக் கணினியும் அதிலிருந்து 'புல்' செய்து அதற்கே 'புஷ்' செய்யலாம். மாதத் தரவுக் கட்டணத்தைக் கணக்குப் பார்க்கும் வீட்டில் இது பெரிய வசதி. அதே பென் டிரைவ்தான். ஆனால் இப்போது அது கோப்பின் கடைசிப் படியை மட்டுமன்றி அதன் முழுக் கதையையும் சுமக்கிறது. அது தொலைந்தாலும் இரு கணினிகளிலும் அதுவரை சேர்ந்த வரலாறு இருக்கும். கருவியின் வடிவமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பயன்பாடு வேறில்லை. விளம்பரம் செய்ய ஆளில்லாததால் அது அதிகம் அறியப்படவில்லை.

ஒத்திசைவும் காப்பும் ஒன்றல்ல

படிகளை ஒத்திசைத்துவிட்டால் கோப்புகள் பாதுகாப்பாகிவிட்டன என்று நினைப்பது ஆபத்து. கேடிஇ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் 2013 மார்ச்சில் நடந்தது இதற்குச் சான்று. அத்திட்டத்தின் முதன்மைக் கிட் வழங்கியில் கோப்பு முறைமை சிதைந்தது. சுமார் 1500 களஞ்சியங்கள் அதில் இருந்தன. உலகின் பல இடங்களில் இருந்த நகல் வழங்கிகள் முதன்மையை அப்படியே பின்பற்றும்படி அமைக்கப்பட்டிருந்ததால், அந்தச் சிதைவையும் உண்மையுள்ள சீடர்களாகப் பின்பற்றின. சிதைவு எட்டாத ஒரு வழங்கியில் நல்ல படி எஞ்சியிருந்ததால்தான் திட்டம் தப்பியது. குறை கிட்டினுடையது என்று சொல்ல முடியாது. நகலெடுப்பதைக் காப்பு என்று கருதிய ஏற்பாட்டின் குறை அது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. வேறொரு வழங்கி என்று எண்ணி, ஒரு பணியாளர் முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அங்கிருந்த காப்பு ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. சுமார் 6 மணி நேரத்துக்கு முந்தைய படி ஒன்றே கிடைத்தது. அந்த இடைவெளியில் பயனர்கள் எழுதிய கருத்துரைகளும் தொடங்கிய கணக்குகளும் போயின. தரவுத்தளத்துக்கு வெளியே தனியாக இருந்த கிட் களஞ்சியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் பயனர்களின் கணினிகளில் அவற்றின் படிகள் இருந்தன. வலைத்தளத்தில் மட்டும் வாழும் தகவலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. களஞ்சியத்தோடு பிணைந்த உரையாடல், பிழைப் பட்டியல் போன்றவை கிட்டுக்குள் இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

முரண்பாடு

இரண்டு கணினிகளில் ஒரே வரி இருவேறாகத் திருத்தப்பட்டால் கிட் நின்றுவிடுகிறது. இரண்டு வடிவங்களையும் அடையாளக் கோடுகளுக்கிடையே கோப்பிலேயே எழுதிக் காட்டி, முடிவைப் பயனரிடம் விடுகிறது. புதியவர்கள் இதைப் பிழை என்று கருதி அஞ்சுகின்றனர். சிலர் களஞ்சியத்தையே அழித்துவிட்டு மறுபடி தொடங்குகின்றனர். ஆனால் கிட்டின் நேர்மை வெளிப்படும் இடம் இதுவே. கடைசியாக வந்ததே சரி என்று வைத்துக்கொண்டு முந்தையதைச் சத்தமின்றி மூடிவிடும் கருவிகளைவிட, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவி மேல்.

தமிழ் படித்தவருக்கு இது புதிய காட்சியன்று. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட வேண்டியிருந்தது. ஓரேட்டில் ஒரு சொல், மற்றோர் ஏட்டில் வேறு சொல். எதைக் கொள்வது என்பதை உரையும் யாப்பும் சமண சமய மரபும் அறிந்து அவர் முடிவு செய்தார். ஏடுகள் வேறுபடும் இடத்தைக் காட்டும் வேலையைத்தான் கிட் செய்கிறது. பாடம் தேரும் வேலை மனிதருடையது.

வரிகள் மோதாவிட்டால் கிட் கேள்வி கேட்பதில்லை. அங்கேதான் மெய்யான ஆபத்து. வீட்டுக் கணினியில் ஒரு செயற்கூற்றின் பெயர் மாற்றப்படுகிறது. ஆய்வகத்தில் அதே நாள் வேறொரு கோப்பில் பழைய பெயரைக் கொண்டு புதிய வரி சேர்க்கப்படுகிறது. இரண்டும் வெவ்வேறு இடங்கள் என்பதால் ஒன்றிணைப்பு வெற்றி என்று கிட் அறிவிக்கும். நிரலோ ஓடாது. ஒன்றிணைத்தவுடன் நிரலை இயக்கிப் பார்க்காதவர் இதைத் தேர்வாளர் முன்னிலையில்தான் கண்டுபிடிப்பார்.

தமிழ் எழுத்தும் கிட்டும்

கிட்டைப் பற்றிய ஆங்கிலப் பாடநூல்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் இராது. 'சித்தையன்கோட்டை' என்ற ஊர்ப்பெயரையே ஒரு கோப்புக்குப் பெயராக வைத்துப் பார்க்கலாம். கிட்டின் நிலைப் பட்டியலில் அந்தப் பெயர் தெரியாது. '\340\256\232' என்று தொடங்கும் எண் கோவை தெரியும். அந்த மூன்று எண்கள் 'ச' என்ற ஒரே எழுத்தைக் குறிக்கின்றன. ஆங்கில எழுத்தல்லாத பெயர்களை இப்படிக் காட்டுவதே கிட்டின் இயல்பான அமைப்பு. 'கோர்.கோட்பாத்' என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தமிழ்ப் பெயர் ஒழுங்காகத் தெரியும். ஒரு வரிக் கட்டளைதான். ஆனால் தன் ஊர்ப்பெயரை எண்களாகக் கண்ட மாணவர், கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்ததே தவறு என்று முடிவு கட்டிவிடுகிறார். கருவியின் இயல்பான அமைப்பு மனிதரின் மொழித் தேர்வை இப்படிச் சத்தமின்றி மாற்றுவது சிறு குறையாகாது.

அடுத்தது கண்ணுக்கே தெரியாதது. அதே ஊர்ப்பெயரில் உள்ள 'கோ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வகை. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. கிட்டுக்கு வேறு வேறு. லினக்ஸ் கணினியில் பார்வைக்கு ஒரே பெயருடைய இரு கோப்புகள் அருகருகே நிற்கக்கூடும். கோப்பின் உள்ளே இப்படி நேர்ந்தால், எந்த மாற்றமும் தெரியாத வரியை மாறியதாகக் கிட் காட்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த உரையைச் செம்மையற்ற மாற்றி மூலம் ஒருங்குறிக்குக் கொண்டுவரும்போது இது நேர்கிறது.

தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் 'பின்கொடு' என்பது ஒரு கட்டளைச் சொல். அதிலுள்ள 'கொ'வுக்கும் இதே இருவகை வாய்ப்பு உண்டு. ஆங்கிலத்தில் நிரல் எழுதுவோர் சந்திக்காத சங்கடம் இது. பதிவு செய்யுமுன் உரையை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சிறு நிரலை இயக்கினால் தீரும். ஆனால் 'ஔவையார்' என்பதை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகளாக அடித்து 'ஒளவையார்' ஆக்கும் பிழையை அந்த நிரலும் திருத்தாது. அங்கே வேறுபட்டிருப்பது எழுத்தே. கண்ணுக்கு ஒத்திருப்பதைப் பொருளால் ஒன்றென்று அறியும் ஆற்றல் கிட்டுக்கு இல்லை என்று தொடக்கத்தில் சொன்னதன் முழு வடிவம் இதுதான்.

உரைநடைக்கும் ஒரு சொல். கிட் வரி வரியாக ஒப்பிடுகிறது. ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாகச் சேமிக்கப்பட்டிருந்தால், ஒற்று ஒன்றைத் திருத்தினாலும் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டும். சொல்வாரியாக ஒப்பிடும் தெரிவு கிட்டிலேயே உண்டு. வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிவைப்பது அதைவிட எளிது.

விண்டோஸும் லினக்ஸும் கலந்து புழங்கும் இடங்களில் வரிமுடிவுக் குறிகள் வேறுபடுவதால் கோப்பு முழுவதும் மாறியதாகத் தோன்றுவதும் உண்டு. அதற்கான அமைப்பைக் களஞ்சியத்திலேயே எழுதிவைத்துவிடலாம்.

பொதுக் கணினியில்

ஆய்வகக் கணினிகள் பலர் கைபடுபவை. கிட் ஒவ்வொரு பதிவிலும் ஒரு பெயரை எழுதுகிறது. ஆனால் அந்தப் பெயர் உண்மையா என்று சோதிப்பதில்லை. முன்பு உட்கார்ந்தவர் தன் பெயரை அமைத்துவிட்டுப் போயிருந்தால், அடுத்தவரின் உழைப்பு அவர் பெயரில் ஏறும். மதிப்பெண் கணக்கிடும் ஆசிரியர் பதிவுப் பெயரை மட்டும் நம்பினால் ஒருவருக்கு அநீதி நிச்சயம். இதேபோல் விண்டோஸ் கணினி நுழைவு விவரங்களை நினைவில் வைத்திருக்கும். வேலை முடிந்ததும் அவற்றை நீக்காவிட்டால், அடுத்து வருபவர் முன்னவரின் களஞ்சியத்துக்கு 'புஷ்' செய்ய முடியும்.

கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிப் பதிந்துவிடுவது இன்னும் பெரிய இடர். அடுத்த பதிவில் அந்த வரியை நீக்கினால் கோப்பிலிருந்து போகும், பேரேட்டிலிருந்து போகாது. பொதுக் களஞ்சியமானால் பழைய பதிவைத் திறந்து யாரும் படிக்கலாம். வரலாற்றைத் திருத்தி எழுதக் கிட்டில் வழி உண்டு என்றாலும், அதற்குள் யாரேனும் படியெடுத்திருந்தால் அதனால் பயனில்லை. உடனே செய்ய வேண்டியது அந்தக் கடவுச்சொல்லையே மாற்றுவது. களஞ்சியத்தைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு.