லிப்செட் சொன்னதில் பாதிதானா?

"நாட்டில் செல்வம் பெருகினால் மக்களாட்சி நிலைக்கும்." கட்டுரைப் பயிற்சியில் மாணவர்கள் இந்த ஒரு வரியோட முடிச்சுடுறாங்க. ஆசிரியர்களாகிய நாமும் மதிப்பெண் போட்டுடுறோம். இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது?

1959-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் சீமோர் மார்ட்டின் லிப்செட் ஒரு கட்டுரை எழுதினார். செல்வம், தொழில்வளம், நகரமயம், கல்வி ஆகியவை உயர்ந்த நாடுகளில் மக்களாட்சி நிலைக்கும் வாய்ப்பு அதிகம் என்றார். நாம எடுத்துக்கிட்டது இந்தப் பாதியைத்தான். இந்த ஆட்சிமுறை முறையானது, நமக்கு ஏற்றது என்று மக்கள் நம்ப வேண்டும் என்பது மறுபாதி.

இலங்கையைப் பாருங்க. 1931-லேயே அனைவருக்கும் வாக்குரிமை. விடுதலையின்போது எழுத்தறிவில் இந்தியாவைவிட முன்னே நின்ற நாடு. ஆனால், 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியானது. 1983-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. தேர்தல்கள் நடந்தன, நம்பிக்கைதான் போயிடுச்சு.

இந்தியா அன்று ஏழை நாடு. இருந்தும் 1965 மொழிப் போராட்டத்துக்குப் பின், 1967 சட்டத் திருத்தம் ஆங்கிலம் தொடர வழிசெய்தது. 1975-இல் வந்த நெருக்கடிநிலைக்கு 1977 தேர்தலில் மக்கள் பதில் சொன்னாங்க.

இப்போ நம்ம ஊர். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கு. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. 1988-இல் குழுத்தொகுதி முறை வந்தது. ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை வேட்பாளர் ஒருவராவது இருக்கணும். 1989-இல் வீவக பேட்டைகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. மறுபாதிக்கு இவை நல்ல சான்றுகள்.

ஆனால் இங்கே முதல் பாதியே இடிக்குது. செல்வம் இவ்வளவு வளர்ந்தும், 1959 முதல் ஒரே கட்சிதான் ஆட்சியில் இருக்கிறது. குழுத்தொகுதி சிறிய கட்சிகளுக்குச் சுமை என்ற விமர்சனமும் உண்டு. ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலையில் கூடும் வெளிநாட்டு ஊழியர்கள் இந்த நகரைக் கட்டுறாங்க. அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. இதையெல்லாம் சேர்த்து எழுதினால் கட்டுரை கெட்டுடாது, வலுவாகும்.

மாணவர்களே, அடுத்த முறை "செல்வம் வேண்டும்" என்று எழுதியதும் பேனாவை வைச்சுடாதீங்க. "அந்தச் செல்வத்திலும் முடிவிலும் யாருக்குப் பங்கு?" என்று ஒரு பத்தி எழுதுங்க. ஆசிரியர்களே, அந்தப் பத்திக்குத் தாராளமா மதிப்பெண் கொடுங்க.