நனைவது யாருடைய ஆடு?

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். தஞ்சைப் பக்கத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஓநாயைக் கண்ணால் கண்டிருக்க வழியில்லை. ஆனாலும் அதன் கண்ணீர் பொய் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தாய்மொழியோடு சேர்ந்து வந்த தீர்ப்பு அது. இந்தத் தீர்ப்பை மறுவிசாரணைக்கு எடுக்கும் கற்பித்தல் முறை ஒன்று வெளிநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் இருக்கிறது. பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓநாயை முன்னிறுத்தி ஒத்துணர்வையும், அதன் வழியே காட்டுயிர்ப் பாதுகாப்பையும் கற்பிக்கிறார்கள். பழைய கதையை ஓநாயின் வாயால் திருப்பிச் சொல்வது, ஓநாய்க் கூட்டத்தைக் குடும்பமாக வரைந்து பார்ப்பது, ஓநாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி இரு தரப்பாகப் பிரிந்து வாதாடுவது எனப் பயிற்சிகள் பலவகை. காவிரிப் படுகையின் வகுப்பறைக்கு இதில் எது பொருந்தும், எது பொருந்தாது?

முறையின் முதல் வலிமை, வெறுப்பின் வேர் கதையில் இருப்பதைக் கண்டுகொண்டது. 1989இல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் சீஸ்கா மூன்று பன்றிக்குட்டிகளின் கதையை ஓநாய் சொல்வதாக எழுதினார். அந்த நூல் பல வகுப்பறைகளுக்கு வழி திறந்துவிட்டது. நம்மிடம் இப்படி நரியைத் தூற்றும் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சதந்திரத்தில் கோள்மூட்டும் தமனகன் ஒரு நரி. திருத்தக்கதேவரின் நரிவிருத்தத்தில் பேராசைக்கு உவமையாகி வில்லின் நாணைக் கடித்துச் சாவதும் நரி. பாட்டியின் வடையைக் காக்கையிடமிருந்து தட்டிப் பறிப்பதும் அதுவே. “இந்தக் கதையை யார் சொல்கிறார்கள்?” என்று கேட்கக் கற்ற பிள்ளை அதே கேள்வியை நாளை மனிதர்களைப் பற்றிய கதைகளிலும் கேட்கும். ஒரு பாடம் இதற்கு மேல் என்ன தர முடியும்?

இரண்டாவது வலிமை, இந்தப் பரிவுக்கு உயிரியல் துணை நிற்கிறது. ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் முந்தைய ஈற்றுக் குட்டிகள் ஆகியவை சேர்ந்த குடும்பமே. மூத்த குட்டிகள் இரையை வயிற்றில் சுமந்து வந்து தம்பி தங்கைகளுக்குக் கக்கி ஊட்டும். தம்பியை இடுப்பில் தூக்கித் திரிந்த அக்காவுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. குடும்பம், பாசம் என்று சொல்லிக்கொண்டே போகும்போது அது வேட்டையாடும் விலங்கு என்பது கைநழுவிவிடுகிறது. 2024இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்தில் ஓநாய்த் தாக்குதலில் இறந்தவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். இதை மறைத்துவிட்டு ஓநாயை நேசிக்கச் சொல்லும் ஆசிரியர், உண்மை தெரியவரும் நாளில் பிள்ளையின் நம்பிக்கையையும் சேர்த்தே இழப்பார். மனிதரை ஓநாய் தாக்குவது அரிது என்பதும் உண்மை, பஹ்ரைச்சில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் துயரமும் உண்மை. இரண்டையும் சொல்லிய பிறகும் மிஞ்சுகிற பரிவுதான் நிலைக்கும்.

அடுத்த குறை, ஒற்றை நாயகக் கதை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926இல் ஓநாய்களை ஒழித்தார்கள். 1995, 1996ஆம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மான்கள் அடங்கின, மரங்கள் தழைத்தன, ஆறுகளே திருந்தின என்று பாடங்கள் முடிகின்றன. அந்த மாற்றத்தில் ஓநாயின் பங்கு எவ்வளவு, கரடிக்கும் நீரில் வாழும் கொறிவிலங்கான பீவருக்கும் தட்பவெப்பத்துக்கும் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தைத்தான் வகுப்புக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அறிவியல் என்பது முடிந்துபோன கதை என்ற எண்ணம் பிள்ளைக்கு வரக்கூடாது.

மூன்றாவது குறை தொலைவு. நம்மைப் பொறுத்தவரை இதுவே பெரிது. தமிழ்நாட்டில் ஓநாய் மாயாற்றுப் பள்ளத்தாக்கு, சத்தியமங்கலம் போன்ற வறண்ட புதர்நிலங்களில் வாழ்கிறது. நமது ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் ‘விலங்குகள் உலகம்’ பிள்ளைகளை முண்டந்துறைக்கு அழைத்துப்போய் யானையையும் கரடியையும் புலியையும் காட்டுகிறது. நல்ல பாடம். ஆனால் வயலும் வாய்க்காலுமே உலகமாக வளரும் பிள்ளை, காட்டுயிர் என்றால் அது வேறு ஊரில் இருப்பது என்ற முடிவோடு புத்தகத்தை மூடிவிடும்.

நம் ஊரில் நரி இருக்கிறது. ஓநாயின் பேரினத்தைச் சேர்ந்த குள்ளநரிதான் நாம் நரி என்று சொல்வது. பிள்ளைகளின் படப்புத்தகங்களிலோ பெரும்பாலும் செந்நிற உடலும் வெள்ளை வால்நுனியும் கொண்ட மேல்நாட்டு நரியே நிற்கும். நம் நரி மண்ணின் நிறத்தில், சாம்பலும் பழுப்புமாக, வரப்போடு வரப்பாக நடந்து போகும். கொள்ளிடத்துப் படுகை, நாணல் புதர், கரும்புக் கொல்லை, சீமைக்கருவேலங்காடு, சுடுகாட்டுத் திடல் எல்லாம் அதன் வீடு. எலியும் வயல் நண்டும் செத்த மாடும் உதிர்ந்த பழமும் அதன் உணவு. கோடியக்கரையில் 1967இல் வெளிமானுக்காக அமைந்த சரணாலயத்தில் மான்குட்டியை வேட்டையாடும் விலங்கும் அதுவே. சம்பாப் பயிர் பொதிகட்டும் பருவத்தில் தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிக்கும் உழவருக்கு, இரவில் கூலி கேட்காமல் அதே வேலையைச் செய்யும் துணை அது.

அந்தத் துணையை நாம் என்ன செய்கிறோம்? எலிக்கு வைக்கும் விஷம், எலியைத் தின்னும் உயிர்களுக்கும் ஆபத்தாகிறது. திடல்கள் மனைகளாகின்றன. நரிப்பல் தாயத்து நல்லது என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. 2021 ஜனவரியில் திருச்சியை அடுத்த ஜீயபுரம் பக்கத்தில் இறைச்சிக்குள் பொதிந்த நாட்டு வெடியைக் கடித்து ஒரு நரி செத்தது. 12 பேர் கைதானார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஓநாயைப் போலவே நரியையும் காக்கிறது என்பது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான்காவது குறை நுட்பமானது. விலங்கின் மேல் மட்டும் பரிவு காட்டச் சொல்லும் பாடம், அந்த விலங்கால் இழப்பவரைக் கணக்கில் எடுப்பதில்லை. அறுப்பு முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருகிறார்கள். எருவுக்காக வயலில் கிடை போடுகிறார்கள். சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவல் அவர்களது வாழ்க்கையைச் சொல்வது. நரி தூக்கிப் போகிற ஒவ்வொரு குட்டியும் அந்தக் குடும்பத்தின் வருமானம். இழப்பு முழுவதும் கீதாரிக்கு, கருணையின் பெருமை முழுவதும் வகுப்பறைக்கு என்றால் அதற்கு ஒத்துணர்வு என்று பெயரிட முடியுமா?

திருவாரூர்க் கோயிலருகே நிற்கும் கல்தேர், கன்றை இழந்த பசுவுக்கு மனுநீதிச் சோழன் நீதி செய்த கதையை நினைவூட்டுகிறது. தன் மகனையே விலையாகக் கொடுத்ததால்தான் அந்தக் கதை இன்றும் நெஞ்சைத் தைக்கிறது. பரிவுக்கு ஒரு விலை உண்டு என்பதை டெல்டாக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஓநாய்ப் பாடத்தைத் தள்ள வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். முதலில் நரி, பிறகு ஓநாய். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஊளை எங்கெங்கே கேட்டது என்று பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு ஊர் வரைபடத்தில் குறிக்கட்டும். இப்போது எங்கே கேட்கிறது என்பதை அதன்மேல் வேறு நிறத்தில் குறிக்கட்டும். வரப்பில் எலி வளைகளை எண்ணட்டும். கிடைக்குப் போய் கீதாரியிடம் இந்த ஆண்டு எத்தனை குட்டி போயிற்று என்று கேட்கட்டும். பிறகு ஒரே இரவை நரியின் வாயாலும் கீதாரியின் வாயாலும் இரண்டு பக்கம் எழுதட்டும். பள்ளிகளில் ஏற்கெனவே உள்ள தேசிய பசுமைப் படைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பாடத்திட்டச் சுமையில் ஆசிரியருக்கு நேரம் கிடைப்பது கடினம். பகலில் பயமின்றி நெருங்கி வரும் நரிக்கு வெறிநோய் இருக்கக்கூடும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தொலைவில் நின்று நேசிப்பதும் ஒரு பாடம்தான்.

ஆட்டுக்காக ஓநாய் அழுவதைப் பழமொழி நம்பவில்லை, ஏனென்றால் ஆட்டால் அதற்கு ஆதாயம் உண்டு. ஓநாய்க்காக நாம் அழுவது உண்மைதானா என்று அறியவும் ஒரு சோதனை இருக்கிறது. நனைவது நம்முடைய ஆடாக இருக்கும்போதும் அந்தக் கண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற பாடமே நமக்கு வேண்டிய பாடம்.