விளம்பரம் செய்யாத விற்பனை: மத்தளம்பாறைப் பாடமும் அதன் விலையும்

நல்ல சரக்கு தானே விற்கும் என்பது நெல்லைச் சீமையில் விற்பவரும் வாங்குபவரும் ஒருசேர நம்பும் கொள்கை. மென்பொருள் தொழிலில் அதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியதாகச் சொல்லப்படும் நிறுவனமும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-இல் ஒரு சிறு அலுவலகம் திறந்தது. அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில்தான் தென்காசி தனி மாவட்டமானது. குற்றாலத்து நீரைச் சுமந்து வரும் சிற்றாறு தாமிரபரணியில்தான் கலக்கிறது என்பதால், ஆற்றுக் கணக்கிலும் அது பொருநைப் படுகையே. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ‘ஜோஹோ டெஸ்க்’ இங்கே உருவாகி உலகமெங்கும் விற்கிறது.

இதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற இளைஞர்கள், பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து மென்பொருள் எழுதுகிறவர்கள், ஒரு சூத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: முதலீட்டாளரிடம் கைநீட்டாதே, விற்பனை ஆள் வைக்காதே, விலையைக் குறை, ஒரு பகுதியை இலவசமாகக் கொடு, பொருள் நன்றாக இருந்தால் ஆள் தேடி வரும். இதில் எது உண்மையிலேயே வேலை செய்தது, எது வேறு காரணத்தால் நடந்தது என்று பிரித்துப் பார்க்காமல் பின்பற்றினால், சின்ன நிறுவனம் இரண்டாம் ஆண்டைத் தாண்டாது.

முதலில் இந்த முறையின் பலம். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், நெட்வொர்க் கருவி தயாரிப்பாளர்களுக்கு மென்பொருள் விற்றுவந்தது. 2000–2001 டாட்காம் சரிவில் அந்த வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் காணாமல் போனார்கள். வெளி முதலீடு வாங்கியிருந்தால் அந்த நேரத்தில் யாராவது கடையை மூடச் சொல்லியிருப்பார்கள். கேட்க ஆள் இல்லாததால் நிறுவனம் பாதையை மாற்றிக்கொண்டது. அலுவலகக் கணினி அமைப்புகளைப் பராமரிப்பவர்களுக்கான ‘மேனேஜ் எஞ்சின்’ அந்தக் காலத்தில் வந்தது. அதை விற்ற விதமும் கவனிக்கத் தக்கது. கணினி நிர்வாகி தானே தரவிறக்கிச் சோதித்துப் பார்ப்பார், பிடித்திருந்தால் மேலிடத்தில் சொல்லி வாங்குவார். கோட்டு போட்ட விற்பனையாளர் மேலதிகாரியைச் சந்தித்து விருந்து கொடுக்க வேண்டியதில்லை. வேலை செய்கிறவர் கையில் பொருளைக் கொடுத்து, அவரையே விற்க வைக்கும் வழி அது.

2005 முதல் ஜோஹோ என்ற பெயரில் இணையவழி மென்பொருள்கள் வந்தன. 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ ஆனது. மூன்று பேர் வரை இலவசம், அதற்கு மேல் போட்டியாளரைவிடக் குறைந்த சந்தா என்ற வழியில் சிறு நிறுவனங்கள் உள்ளே வந்தன. ஒன்றைப் பயன்படுத்தியவருக்கு அடுத்ததை விற்பது எளிது. 2023 செப்டம்பரில் பயனர் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியதாக நிறுவனம் அறிவித்தது. தன் இணையதளங்களில் பிறர் வைக்கும் கண்காணிப்பு நிரல்களை 2020-இல் அகற்றியதும் இந்த முறைக்குள் அடங்கும். விளம்பரத்துக்கு ஆள் தேடும் வசதியை இழந்து, நம்பிக்கையை வாங்கிக்கொண்ட பேரம் அது.

எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால் இந்தப் பலம் இன்னும் தெளிவாகும். ஜோஹோவில் பணியாற்றிய கிரிஷ் மாத்ருபூதம் 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், முதலீட்டாளர் பணத்தில் வேகமாக வளர்ந்து 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. 2018-இல் போட்டியாளரான சேல்ஸ்ஃபோர்ஸ் நடத்திய மாநாட்டின்போது சான் ஃபிரான்சிஸ்கோ வானத்தில் அந்த நிறுவனத்தைக் கேலி செய்யும் வாசகத்தோடு வான்கப்பல் பறக்கவிட்டது. பங்குச் சந்தைக்கு வந்த ஆண்டில் வருவாயில் பாதிக்கும் மேல் விற்பனைக்கும் சந்தைப்படுத்தலுக்குமே போனது. அதுவும் வென்ற வழிதான். ஆனால் பிறர் பணம் பின்னால் நிற்கும்வரைதான் அந்த வேகம் செல்லும்.

இனி குறைகள். முதல் குறை, பொறுமைக்கு யார் பணம் கட்டினார்கள் என்பதை இந்தச் சூத்திரம் மறைக்கிறது. ஜோஹோவின் இணைய மென்பொருள்கள் ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர முடிந்ததற்கு, பக்கத்தில் மேனேஜ் எஞ்சின் சம்பாதித்துக் கொடுத்தது காரணம். விளம்பரத்தில் மிச்சம் பிடித்த பணம் காத்திருப்பில் செலவாயிற்று. முந்தைய வருமானம் இல்லாத ஆள் அதே விலைக் குறைப்பைச் செய்தால், தன் சேமிப்பையும் வீட்டார் நகையையும் வாடிக்கையாளருக்கு மானியமாகக் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டாவது, இலவசம் நல்லவர்களை மட்டும் அழைத்து வருவதில்லை. இலவச மின்னஞ்சல் கணக்குகளை மோசடிக்காரர்களும் திறந்தார்கள். 2018 செப்டம்பரில், சில மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காட்டி, ஜோஹோவின் இணைய முகவரியைப் பதிவு செய்துகொடுத்த நிறுவனம் அந்த முகவரியையே முடக்கிவிட்டது. காசு கட்டிய வாடிக்கையாளர்களும் சேர்ந்து தவித்தார்கள். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், இரண்டு பேர் நடத்தும் நிறுவனத்தில் இலவசப் பயனர்களின் தொல்லையை யார் பார்ப்பது? இலவசம் என்று தந்தாலும் அதைக் காவல் காக்கச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது குறை நுட்பமானது. ஜோஹோ விளம்பரமே செய்வதில்லை என்று நம்புகிறவர்கள், விமான நிலையங்களில் அதன் பலகைகளையும் ஊர் ஊராக நடக்கும் ‘ஜோஹாலிக்ஸ்’ மாநாடுகளையும் மறந்துவிடுகிறார்கள். அவற்றைவிடப் பெரிய விளம்பரம் நிறுவனரின் கதை. பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர், 2019-இல் மத்தளம்பாறையில் குடியேறி, வேட்டி கட்டி, சைக்கிளில் போகிறார் என்ற செய்தியைப் பத்திரிகைகள் காசு வாங்காமலே போட்டன. அந்த வாழ்க்கை உண்மையாகவே இருக்கட்டும். சந்தையில் அது செய்த வேலை விளம்பரத்தின் வேலைதான். முகத்தை முன்வைத்து விற்றால், முகத்துக்குரியவர் சொல்லும் அரசியல் கருத்தும் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். ஒருவர் பேச்சு பிடிக்காதவர் மென்பொருளையும் மாற்றிக்கொள்வார். 2025 ஜனவரியில் வேம்பு தலைமைச் செயல் பொறுப்பைச் சைலேஷ் குமார் டேவியிடம் கொடுத்துவிட்டு ஆராய்ச்சிப் பொறுப்புக்குப் போன பிறகும், மக்கள் மனத்தில் நிறுவனத்தின் முகம் அவர்தான்.

இவையெல்லாம் ஒன்றாகத் தெரிந்தது ஜோஹோவின் செய்திப் பரிமாற்றச் செயலியான ‘அரட்டை’யின் கதையில். 2021 தொடக்கத்தில் வந்த அதை நான்கு ஆண்டுகளாகப் பலர் கவனிக்கவில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் மத்திய அமைச்சர்கள் உள்நாட்டுச் செயலிகளை ஆதரிக்கச் சொன்னதும், நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதுப்பதிவு மூன்று நாளில் 3,50,000 ஆனதாக வேம்பு அறிவித்தார். நவம்பரில்தான் பெரிய வெளியீட்டுக்கும் விளம்பரத்துக்கும் திட்டமிட்டிருந்ததாக அவரே சொன்னார். கூட்டம் முன்கூட்டி வந்துவிட்டது. பதிவுக்கான ஓ.டி.பி. எண் வருவதில் தாமதம், தொடர்பு எண்கள் ஒத்திசைவதில் தடங்கல். அழைப்புகளுக்கு இருந்த முழுமறையாக்கம் எழுத்துச் செய்திகளுக்கு அப்போது இல்லை என்ற விமர்சனமும் எழுந்தது. செயலிக் கடைப் பட்டியலின் உச்சியில் நின்ற செயலி சில வாரங்களில் இறங்கத் தொடங்கியது. விற்பனைத் தேதியை நாம் வைக்காவிட்டால் வேறு யாராவது வைத்துவிடுவார்கள். எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக்கூடாது என்று தீர்மானிப்பதும் சந்தைப்படுத்தலின் வேலைதான்.

சரி, நெல்லையில் இருந்துகொண்டு கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? டவுனில் ஒரு ஜவுளிக் கடைக்கு டெமோ காட்டப் போனால் லேப்டாப்பைத் திறக்கும் முன்பே கல்லாவில் இருக்கும் அண்ணாச்சி கேட்பார்: “தம்பி, இது வேற யாரு கடையில ஓடுது?” அடுத்தது: “தீவாளி சமயத்துல பில்லு போடாம நின்னுட்டுன்னா ஒடனே வருவீயளா?” விலை மூன்றாவதாகத்தான் வரும். அதையும் பேரம் பேசும் பழக்கத்தில் கேட்பாரே தவிர, முடிவு முதல் இரண்டு பதிலில் ஆகிவிட்டிருக்கும்.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் மட்டும் திறக்கும் இருட்டுக்கடை அல்வாக் கடையைப் பார்த்து, வாய்ப்பேச்சே போதும் என்று இங்கே பலரும் சொல்வார்கள். அல்வாவின் தரம் முதல் வாயில் தெரிந்துவிடும். தின்றவர் அன்றைக்கே நாலு பேரிடம் சொல்வார். பில்லிங் மென்பொருளின் தரம் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதோ, ஜி.எஸ்.டி. தாக்கல் தேதியிலோதான் தெரியும். அதுவரை வாங்கியவர் வாய் திறக்க மாட்டார். பிரச்சினை வந்தால் மட்டும் திறப்பார். ஆக வாய்வழி விளம்பரம் மென்பொருளுக்கு மெதுவாகவும், கெட்ட செய்தியோடு முந்திக்கொண்டும் வரும்.

இந்தச் சந்தையை உண்மையில் புரிந்துகொண்டது 1986-இல் தொடங்கிய கணக்கு மென்பொருள் நிறுவனமான டாலி. ஊருக்கு ஊர் கணினிப் பயிற்சி மையங்களில் டாலி சொல்லித் தரப்படுகிறது. படித்து முடித்து கடையில் கணக்கு எழுத வருகிறவர் தனக்குத் தெரிந்ததையே கேட்கிறார், ஆடிட்டரும் அதையே கேட்கிறார், முதலாளி வாங்குகிறார். மேனேஜ் எஞ்சின் கணினி நிர்வாகியிடம் செய்ததும், டாலி கணக்கரிடம் செய்ததும் ஒரே காரியம்: தினமும் கையாளுகிறவரைத் தன் பக்கம் இழுப்பது. இதற்குப் பெரிய முதல் வேண்டாம். ஆள் யார் என்று தெரிந்தால் போதும்.

எனவே சிறு நிறுவனம் மத்தளம்பாறையிலிருந்து எடுக்க வேண்டியது பிறர் முதலீடு இல்லாமல் நிற்கும் பிடிவாதத்தையும், கையாளுகிறவரிடம் நேரே போகும் வழியையும். விட்டுவிட வேண்டியவை மலிவு விலை, பரந்த இலவசம், ஐம்பது பொருள்கள், நிறுவனர் கதை ஆகியவை. அரிசி ஆலைக்கு மட்டும், அல்லது மருந்து மொத்த வியாபாரத்துக்கு மட்டும் எழுதினால், அந்தத் தொழிலில் பத்துக் கடை ஓடும்போதே “யாரு கடையில ஓடுது” என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யாமல் வாங்கினால்தான் தீபாவளிக்கு முந்தின நாள் கூப்பிட்டாலும் போக ஆள் இருக்கும். விளம்பரத்தில் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் பணம் சேவை, காத்திருப்பு, முகம் ஆகிய மூன்று கணக்குகளில் ஒன்றில் கட்டாயம் செலவாகும். எந்தக் கணக்கில் எழுதப் போகிறோம் என்று முதல் பிரதியை விற்கும் முன் முடிவு செய்துகொள்கிறவருக்கே இந்தத் தொழில் நிலைக்கும்.