கூரையைக் கழற்றிய கூலி

செல்லூரில், தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்து. நண்பன் தார்ப்பாயை விலக்கிவிட்டுக் கேட்டான்: ''மாப்ளே, நீ பி.காம். படிச்சவன்ல... இதுக்கு ஒரு வெலை சொல்லு!''

உள்ளே 1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிறந்தபோது அது கூரையும் இரண்டு கதவும் கொண்ட சாதுவான குடும்பக் கார். இப்போது கூரை இல்லை. ரத்தச் சிவப்பு பெயின்ட், அகல டயர், பக்கெட் சீட், மாருதி வேன் எஞ்சின். சந்தேகமே வேண்டாம்... ஸ்போர்ட்ஸ் கார்தான்!

மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். அதற்காகத்தான் விற்கிறான். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பத்து வருடச் செலவு, வரிக்கு வரி. கூட்டினால் ஐந்தரை லட்சம். ''இதுக்கு ஒத்த ரூபா குறைஞ்சாலும் குடுக்க மாட்டேன்!''

எனக்குப் பகீர் என்றது. காரணம் சொல்வதற்கு முன், ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்கு நாலு வரி.

சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-ல் கொண்டுவந்த வண்டி இது. 948 சி.சி. எஞ்சின். டிசைன், இத்தாலிக்காரரான மிக்கலாட்டி. சேஸிஸ் தனி, அதன் மேல் போல்ட் போட்டு மாட்டிய பாடி தனி. பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் மொத்தமும் முதலை மாதிரி வாயைப் பிளக்கும். கூரையையும் போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி இதே சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-ல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. நம்ம ஊர் மெக்கானிக்குகள் சும்மா இருப்பார்களா? ஸ்பேனரை எடுத்துவிட்டார்கள்!

சரி, இதற்கு எப்படி விலை வைப்பது?

எங்கள் காமர்ஸ் வாத்தியார் கணக்குப்படி வருடத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம். லட்ச ரூபாய் வண்டி பத்து வருடத்தில் 19,600 ரூபாய் சொச்சம். அறுபது வருட வண்டி என்றால் பேரீச்சம்பழத்துக்குத்தான் போட வேண்டும். இந்தக் கணக்குக்குப் பழசு தெரியும், அபூர்வம் தெரியாது.

இன்ஷூரன்ஸ்காரர்களின் பட்டியலோ ஐந்து வருடத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி வைப்பதுதான் மதிப்பு.

புரோக்கர், ''கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம்ணே'' என்பார். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடுவதே தப்பு. அந்த வருமானத்தை வைத்து விலை சொல்வது அடுத்தவன் தோட்டத்துத் தேங்காயை எண்ணுகிற கதை.

இந்த மூன்றையும்விட மோசமானது நண்பனின் நோட்டு. செலவு வேறு, மதிப்பு வேறு. பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பிறகு நாம் வீடு கட்டும்போதும் நகை செய்யும்போதும் சௌகரியமாக மறந்துவிடுவோம். வாங்குகிறவன் உங்கள் ஆசைக்குக் காசு தர மாட்டான். உங்கள் சிவப்பு அவனுக்குப் பிடிக்காவிட்டால், அதைச் சுரண்டும் செலவையும் விலையில் கழிப்பான்.

சட்டமும் சேர்ந்து கழிக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது பழைய எஞ்சின் நம்பர். அனுமதி வாங்காமல் வண்டியை மாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விழலாம். இன்னொன்று: 50 வயது தாண்டிய சொந்த வண்டிகளை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் அசலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நண்பனின் ஹெரால்டுக்கு வயசுத் தகுதி இருக்கிறது. மற்றதெல்லாம் ஸ்பேனரோடு போய்விட்டது!

''அப்ப மாத்துன வண்டிக்கு மதிப்பே இல்லையா?'' என்று கோபமாகக் கேட்டான்.

நியாயமான கேள்வி. 2018-ல் அமெரிக்காவில் 1962 மாடல் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. ஏலத்தில் அதுவரை எந்தக் காரும் தொடாத விலை. அதுவும் பிறந்த மேனியில் இருந்த வண்டி இல்லை. 1964-ல் பாடி மாற்றியது. ஆனால் மாற்றியவர்கள் யார்? ஃபெராரிக்கே பாடி கட்டிய ஸ்காலியெட்டி பட்டறைக்காரர்கள். எதற்கு? ரேஸுக்கு. கை யாருடையது, காரணம் என்ன, அதற்குக் காகிதம் இருக்கிறதா... இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் மாற்றமும் சரித்திரமாகிவிடும். நம்ம நண்பனிடம் இருப்பது நாற்பது பக்க நோட்டு மட்டும்.

என் கணக்கு இதுதான். மாற்றாத நல்ல ஹெரால்டு என்ன விலை போகும் என்று விசாரியுங்கள். உங்கள் வண்டியைப் பழையபடி ஆக்க என்ன செலவாகும் என்று பட்டறையில் கேளுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மிச்சம்தான் நியாயமான விலை. டயரையும் சீட்டையும் ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். அறுத்த சேஸிஸை? நல்லவேளை, நண்பன் சேஸிஸில் கை வைக்கவில்லை.

''பழைய எஞ்சின் எங்கடா?''

''அது... அப்பவே எடைக்குப் போட்டாச்சு.''

''கூரை?''

அவன் முழிக்க, காபி கொண்டுவந்த அவன் மனைவி சொன்னார்: ''மொட்டை மாடியில கோழிக்கூட்டுக்கு மூடியா கெடக்குண்ணே.''

மாடிக்கு ஓடினோம். மேலே பழைய பச்சை பெயின்ட், ஓரத்தில் கொஞ்சம் துரு. மற்றபடி கல்லு மாதிரி இருந்தது. வெயிலும் மழையும் பட்டு, பத்து வருடமாக அவன் கணக்கிலேயே வராத சொத்து!

கீழே வந்து நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கம், முதல் வரி: 'கூரை கழட்ட கூலி ரூ.1,200'.

அந்த ஆயிரத்து இருநூறும் சேர்ந்துதான் ஐந்தரை லட்சம். வாங்குகிறவர் நீங்களாக இருந்தால் அதைக் கொடுப்பீர்களா?